உங்கள் கவுண்டியில் யாருக்கு எவ்வளவு விவசாய மானியம்? அமெரிக்க அரசுக் கோப்புகளைப் படித்து வெளியிட ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் விவசாயத்துக்கு அரசு கொடுக்கும் பணம் யார் யாருக்குப் போகிறது என்பதை வேளாண்துறையே கோப்புகளாக வெளியிடுகிறது. பெயர், முகவரி, தொகை, தேதி, திட்டம் எல்லாம் அதில் இருக்கும். ஆனாலும் இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கோப்பைத் திறந்த உடனே தொகையைக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முதல் பத்துப் பெயர்களை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் பாதிக்குப் பாதி தப்பாக இருக்கும். தப்பான பட்டியலில் இருப்பதோ அடுத்த தெருவில் குடியிருக்கும் மனிதரின் பெயர்.

உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு வேலை செய்கிறவர்கள், பொதுத் தரவுகளில் ஆர்வமுள்ள மென்பொருள்காரர்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு அயோவா மாநிலத்தின் கொசூத் கவுண்டியை வைத்துக்கொள்வோம். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. பரப்பளவில் அயோவாவிலேயே பெரிய கவுண்டி அது. தலைநகர் அல்கோனா. மக்காச்சோளமும் சோயாவும்தான் பிரதானம். வேறு எந்தக் கவுண்டியாக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதி வையுங்கள்

"கொசூத்தில் மானியம் எப்படிப் போகிறது?" என்பதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. "2019-ல் வர்த்தகப் போருக்கான நிவாரணத்தில் எத்தனை பேருக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் செய்யலாம். "கடந்த ஐந்து ஆண்டுகளில் நிலத்தைச் சாகுபடி செய்யாமல் விட்டதற்குக் கிடைத்த பணத்தில் எவ்வளவு கவுண்டிக்கு வெளியே உள்ள முகவரிகளுக்குப் போனது?" என்பதும் நல்ல கேள்வி.

கேள்வியைப் பொறுத்துத்தான் எந்தக் கோப்பு, எந்த ஆண்டு, எந்தத் திட்டம் என்பதெல்லாம் முடிவாகும். முதலில் கோப்பை இறக்கிவிட்டு, பிறகு அதில் என்ன கதை இருக்கிறது என்று தேடினால், கண்ணில் படுகிற பெரிய எண்ணே கதையாகிவிடும்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள் மென்பொருள் போதும். ஆனால் எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் ஏற்காது. பல ஆண்டுகளை, பல மாநிலங்களை ஒன்றாகச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பைத்தான், ஆர் (R) போன்ற ஒரு நிரல்மொழியோ, ஒரு சிறிய தரவுத்தளமோ தேவைப்படும்.

அடுத்து, கவுண்டியின் குறியீடு. அயோவாவுக்கு 19, கொசூத்துக்கு 109. இதில் ஒரு கண்ணி உண்டு. பட்டுவாடா செய்யும் பண்ணைச் சேவை முகமையான எஃப்.எஸ்.ஏ.வின் கவுண்டிப் பிரிவினை, வரைபடத்தில் இருக்கும் கவுண்டியோடு எல்லா இடத்திலும் பொருந்தாது. மினசோட்டாவின் ஆட்டர் டெய்ல் வரைபடத்தில் ஒரே கவுண்டி. எஃப்.எஸ்.ஏ. கணக்கில் அது கிழக்கு, மேற்கு என்று இரண்டு. ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிக் கவுண்டி காணாமல் போகும். அதனால் குறியீட்டை மட்டும் நம்பாமல், அந்த மாநிலத்தின் கவுண்டிப் பெயர்கள் அத்தனையையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு குறிப்பேடு. எந்தத் தேதியில் எந்தக் கோப்பை இறக்கினீர்கள், எந்த வரிகளை நீக்கினீர்கள், எந்த இரண்டு பெயர்களை ஒன்று என்று முடிவு செய்தீர்கள், ஏன் என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது பதில் அந்த நோட்டில்தான் இருக்கும்.

3. எந்தப் பணம் எந்தக் கதவு வழியாக வருகிறது

மானியம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது மூன்று வெவ்வேறு அமைப்புகளின் வழியாக வருகிறது. மூன்றுக்கும் வெளிப்படைத்தன்மை விதி வேறு வேறு.

முதலாவது எஃப்.எஸ்.ஏ. விலை விழும்போது கொடுக்கும் பி.எல்.சி., வருமானம் குறையும்போது கொடுக்கும் ஏ.ஆர்.சி., நிலத்தைப் புல்லுக்கும் மரத்துக்கும் விடுவதற்கு ஆண்டு வாடகை தரும் சி.ஆர்.பி., பேரிடர் நிவாரணம், அமெரிக்க விளைபொருட்களுக்கு மற்ற நாடுகள் பதில் வரி போட்ட 2018, 2019-ஆம் ஆண்டுகளின் வர்த்தகப் போர் நிவாரணமான எம்.எஃப்.பி. எல்லாம் இதன் வழியாக வருபவை. பெயரோடு கிடைப்பது இதுதான்.

இரண்டாவது மண், நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்குப் பணம் தரும் என்.ஆர்.சி.எஸ். இது தனி முகமை. எஃப்.எஸ்.ஏ. கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பாதுகாப்புப் பணமெல்லாம் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவது பயிர்க் காப்பீடு. இதைக் கவனிப்பது ஆர்.எம்.ஏ. என்ற முகமை. தனிப்பட்ட விவசாயியின் காப்பீட்டு விவரத்தை வெளியிடக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டமே தடுக்கிறது. கவுண்டி வாரி, பயிர் வாரிக் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். இதற்கு 10-வது பகுதியில் வருகிறேன்.

யு.எஸ்.ஏ.ஸ்பென்டிங் என்ற அரசுச் செலவினத் தளத்தில் தேடலாமே என்று பலர் கேட்கிறார்கள். தனிநபர்களுக்குப் போன தொகை அங்கே பெயர் மறைக்கப்பட்டோ மொத்தமாகக் கட்டப்பட்டோ இருக்கும். நம் கேள்விக்கு அது உதவாது. சுற்றுச்சூழல் அமைப்பான இ.டபிள்யூ.ஜி. 1995 முதலான தகவலைத் தேடத்தக்க வடிவில் வைத்திருக்கிறது. கவுண்டியின் போக்கைச் சட்டென்று பிடிக்க அது நல்ல இடம். ஆனால் எழுதப்போகும் எண்ணை அரசின் மூலக்கோப்பிலிருந்தே எடுங்கள். அவர்கள் பெயர்களை ஒருவிதமாகச் சேர்த்திருப்பார்கள், நீங்கள் வேறுவிதமாகச் சேர்ப்பீர்கள். உங்கள் எண்ணுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

4. கோப்பை இறக்குவது

எஃப்.எஸ்.ஏ. தளத்தில் தகவல் சுதந்திரச் சட்டத்துக்கான பகுதியில் பட்டுவாடாக் கோப்புகள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. ஓர் ஆண்டுக்கே பல கோப்புகள் இருக்கும். கேள்வி ஒரே ஆண்டைப் பற்றியதாக இருந்தாலும் அதற்கு முந்தைய ஆண்டையும் அடுத்த ஆண்டையும் சேர்த்து இறக்குங்கள். காரணம் 6-வது பகுதியில் புரியும்.

இறக்கிய மூலக்கோப்பைத் தொடவே கூடாது. ஒரு நகல் எடுத்து, அதில் வேலை செய்யுங்கள். குறியீடுகளையும் அஞ்சல் எண்ணையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாக ஏற்றுங்கள். இல்லையென்றால் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை மென்பொருள் தின்றுவிடும், 001 என்பது 1 ஆகிவிடும்.

பிறகு உங்கள் கவுண்டியை மட்டும் பிரித்தெடுங்கள். எடுத்த உடனே வரிகளின் எண்ணிக்கை, தொகையின் கூட்டல் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் என்ன செய்தாலும் இந்த இரண்டு எண்ணுக்குத் திரும்பி வந்து சரிபார்க்கலாம்.

5. எதையும் கூட்டும் முன் ஒரே ஒரு வரியைப் படியுங்கள்

இதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஏதாவது ஒரு வரியை எடுத்து இடமிருந்து வலமாக வாய்விட்டுப் படியுங்கள்.

முதலில் மாநிலம், கவுண்டி. இது பணத்தைக் கையாண்ட எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தின் கவுண்டி. வாங்கியவர் குடியிருக்கும் இடம் இதுதான் என்று சொல்ல முடியாது. நிலம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இரண்டு கவுண்டிகளில் நிலம் வைத்திருப்பவர் வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்தில் வைத்துக்கொள்வதுண்டு.

அடுத்து பெயர், முகவரி. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ யார் பெயரில் போனதோ அந்தப் பெயர். அது ஒரு மனிதராக இருக்கலாம், நிறுவனமாக இருக்கலாம், அறக்கட்டளையாக இருக்கலாம், இறந்தவரின் சொத்துக் கணக்காகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு தொகை, பட்டுவாடா தேதி, திட்டக் குறியீடு, திட்டத்தின் பெயர், திட்ட ஆண்டு. தேதியும் திட்ட ஆண்டும் தனித்தனி நெடுவரிசைகள் என்பதைக் கவனியுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் நடப்பது.

ஆக, ஒரு வரி என்பது ஒரு பட்டுவாடா. ஒருவருக்கே ஓர் ஆண்டில் பத்து வரிகள் இருக்கலாம். "இந்தக் கவுண்டியில் இத்தனை ஆயிரம் பேர் மானியம் வாங்கினார்கள்" என்று வரிகளை எண்ணிச் சொல்லிவிடாதீர்கள். கழித்தல் குறியோடு வரும் வரிகள் கண்ணில் பட்டால் பிழை என்று நீக்கவும் வேண்டாம். முன்பு கொடுத்ததைத் திருத்தியதாகவோ திரும்ப வாங்கியதாகவோ இருக்கலாம். நீக்கினால் மொத்தம் வீங்கிவிடும்.

இந்த அரை மணி நேரத்திலேயே திட்டப் பெயர்களின் முழுப் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது என்ன பணம் என்று ஒரு வரி எழுதுங்கள். கடன் சம்பந்தப்பட்டவை இருந்தால் தனியாக வையுங்கள். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதை மானியத்தோடு கூட்டக் கூடாது.

6. எந்த ஆண்டு? பயிர் ஆண்டா, பணம் வந்த ஆண்டா?

மக்காச்சோளத்துக்கான சந்தை ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடிகிறது. அந்தச் சந்தை ஆண்டின் சராசரி விலை தெரிந்த பிறகுதான் பி.எல்.சி., ஏ.ஆர்.சி. தொகையைக் கணக்கிட முடியும். அதனால் 2018 பயிருக்கான பணம் 2019 அக்டோபரில்தான் வரத் தொடங்கும். 2018 கோப்பைத் திறந்து அந்த ஆண்டுப் பயிருக்கு எவ்வளவு வந்தது என்று தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது 2017 பயிரின் பணம்.

2019 கோப்பை எடுத்தால் இந்தச் சிக்கல் முழுசாகத் தெரியும். அதில் 2018 எம்.எஃப்.பி.யில் ஆண்டு பிறந்த பிறகு கைக்கு வந்த பகுதி இருக்கும். 2019 எம்.எஃப்.பி.யின் முதல் இரண்டு தவணைகள் இருக்கும். 2018 பயிருக்கான ஏ.ஆர்.சி., பி.எல்.சி. இருக்கும். அக்டோபரில் வரும் சி.ஆர்.பி. வாடகையும் இருக்கும். நான்கையும் கூட்டி "2019 மானியம்" என்று பெயர் வைத்தால், அது எந்த அறுவடையின் கணக்கும் ஆகாது.

2019 எம்.எஃப்.பி.யின் மூன்றாவது தவணை 2020-ல்தான் வந்தது. அந்தத் திட்டத்தில் ஒருவருக்கு மொத்தம் 40,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணை பாதி, அடுத்த இரண்டும் கால் கால். 2019 கோப்பில் 30,000 இருக்கும், மீதி 10,000 அடுத்த கோப்பில். முன்பின் ஆண்டுகளையும் இறக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எந்த ஆண்டை எடுப்பது? அதைக் கேள்விதான் தீர்மானிக்கும். "கவுண்டிக்குள் எந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது, அதனால் கடைகளிலும் வங்கியிலும் என்ன நடந்தது" என்பது கேள்வியானால் பட்டுவாடா தேதி. "ஒரு திட்டம் ஓர் ஆண்டின் நஷ்டத்துக்கு எவ்வளவு கொடுத்தது" என்பதானால் திட்ட ஆண்டு. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். எதை எடுத்தீர்கள் என்பதை விளக்கப்படத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை.

7. பெயர்களைச் சேர்ப்பது

உடம்பு வலிக்கிற வேலை இதுதான். பொதுவெளிக் கோப்பில் பயனாளிக்கென்று மாறாத அடையாள எண் கிடையாது. பெயரும் முகவரியும்தான். அந்தப் பெயர் ஓர் ஆண்டில் ஒரு மாதிரி இருக்கும், அடுத்த ஆண்டில் வேறு மாதிரி இருக்கும். ஒரு புள்ளி கூடும், நடு எழுத்து போகும், "அண்ட்" என்ற சொல் குறியாக மாறும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் இயந்திரத்தனமான சுத்தம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, புள்ளி, கமா, இரட்டை இடைவெளிகளை எடுத்துவிடுங்கள். இதுவே நிறைய வேலையை முடித்துவிடும். அதன் பிறகு பெயரும் அஞ்சல் எண்ணும் ஒத்துப்போகும் வரிகளைச் சேருங்கள். பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் சேர்க்க வேண்டாம். கிராமப்புற அயோவாவில் ஒரே குடும்பப் பெயர் அரை டவுன்ஷிப்புக்கு (கவுண்டிக்குள் இருக்கும் சிறு பிரிவு) இருக்கும்.

அப்பாவும் மகனும் ஒரே பெயர் வைத்திருப்பது அங்கே சாதாரணம். பெயருக்குப் பின்னால் வரும் ஜூனியர், சீனியர், மூன்றாமவர் என்ற குறிகளைச் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிட்டால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். நான் முதல் தடவை செய்தபோது இப்படித்தான் ஆனது. ஒரு தந்தையும் மகனும் ஒரே ஆளாகி, பட்டியலின் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வெளியிடுவதற்கு முன் அவர்களையே கூப்பிட்டுக் கேட்டதால்தான் தப்பித்தது. அன்றிலிருந்து அந்தக் குறிகளைத் தனி நெடுவரிசையில் எடுத்துவைத்த பிறகுதான் மற்றச் சுத்தத்தைத் தொடங்குகிறேன்.

நிறுவனங்கள் வேறு வகைச் சிக்கல். ஒரே முகவரியில் ஒரு மனிதர், அவர் பெயரில் ஓர் எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்), குடும்பப் பெயரில் ஒரு கூட்டு நிறுவனம் என்று மூன்று பெயர்கள் இருக்கலாம். மூன்றையும் ஒன்றாகக் கட்ட ஆசை வரும். கட்டாதீர்கள். "இந்த முகவரியில் மூன்று பயனாளிகள்" என்று சொல்வதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. "இந்த மூன்றும் ஒருவருடையவை" என்பதற்கு இல்லை. மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் நிறுவனப் பதிவேட்டில் பதிவு முகவர், அதாவது நிறுவனத்தின் சார்பில் சட்ட அறிவிப்புகளை வாங்கிக்கொள்பவர், பெயர் கிடைக்கும். ஆனால் உறுப்பினர்கள் யார், யாருக்கு எத்தனை பங்கு என்பது பெரும்பாலும் அங்கே இருக்காது. அரசு தன் உள்கணக்கில் நான்கு அடுக்கு வரை உரிமையாளர்களைப் பின்தொடர்ந்து ஒவ்வொரு மனிதருக்கும் பங்கைப் பிரிக்கிறது. அந்தப் பிரிவினை இந்தக் கோப்பில் இல்லை.

சந்தேகமானவற்றைத் தனிப் பட்டியலாக வைத்து, கையால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு கவுண்டிக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். வேகப்படுத்த வேண்டாம். தோராயமாகப் பொருத்தும் மென்பொருள்கள் யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று காட்ட உதவும். முடிவை அவற்றிடம் விடாதீர்கள்.

8. வரம்பைத் தாண்டிய தொகையைக் கண்டதும் பதறாதீர்கள்

2014, 2018 விவசாயச் சட்டங்களின்படி ஏ.ஆர்.சி., பி.எல்.சி. இரண்டும் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. 2025-ல் வந்த சட்டம் அதை 1,55,000 ஆக்கியது. இதைப் படித்துவிட்டுக் கோப்பைப் பார்த்தால் வரம்புக்கு மேலே வாங்கியவர்கள் கண்ணில் படுவார்கள். "மோசடி" என்று கை துடிக்கும்.

சட்டப்படியே அப்படி வருவதற்குக் குறைந்தது நான்கு வழிகள் உண்டு. பொதுக் கூட்டாண்மையாகப் பதிந்த நிறுவனத்துக்கு அதன் உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பு பெருகும். நான்கு பேர் கூட்டாளிகள் என்றால் நான்கு வரம்பு. வரம்பு பயிர் ஆண்டுக்கு உரியது, இரண்டு பயிர் ஆண்டுகளின் பணம் ஒரே காலண்டர் ஆண்டில் விழுந்திருக்கலாம். சி.ஆர்.பி. வாடகைக்குத் தனி வரம்பு, ஆண்டுக்கு 50,000. எம்.எஃப்.பி.க்கும் தனி வரம்பு இருந்தது. 2018-ல் பயிர்களுக்கு 1,25,000, 2019-ல் அது 2,50,000.

இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகும் ஒரு தொகை நெருடினால் கவுண்டி அலுவலகத்தின் தலைமை அதிகாரியிடம் விதியைப் பற்றிக் கேளுங்கள். தனிநபரைப் பற்றி அவர் பேச முடியாது. "இத்தகைய அமைப்புக்கு வரம்பு எப்படிக் கணக்கிடுவீர்கள்?" என்றால் பொறுமையாகச் சொல்வார்கள்.

9. நிலம் யாருடையது, சாகுபடி யாருடையது

அயோவாவில் விளைநிலத்தில் பெரும்பங்கை உழுவது உரிமையாளர் இல்லை. குத்தகைக்கு விட்டிருந்தால், அதாவது ஏக்கருக்கு இவ்வளவு என்று ரொக்கம் பேசியிருந்தால், பயிர்த் திட்டங்களின் பணம் சாகுபடி செய்பவருக்கே போகும். வாரத்துக்கு விட்டிருந்தால், விளைச்சலில் பங்கு போடுவதுபோல் மானியத்திலும் இருவருக்கும் பங்கு. சி.ஆர்.பி.யில் பெரும்பாலும் நில உரிமையாளர் பெயர் வரும்.

ஆகவே டி மாய்னிலோ ஃபீனிக்சிலோ ஒரு முகவரியைக் கண்டவுடன் "நகரத்து ஆள் விவசாய மானியம் வாங்குகிறார்" என்று எழுத வேண்டாம். திட்டத்தின் பெயரைப் பாருங்கள். அது சி.ஆர்.பி.யாக இருந்தால், தாய்வழி வந்த எண்பது ஏக்கரைப் புல்லுக்கு விட்டுவிட்டு ஊரை விட்டுப் போன மகளாக இருக்கலாம். கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தின் நில வரைபடத்தில் உரிமையாளர் பெயர்களைச் சரிபார்க்கலாம்.

பேஸ் ஏக்கர் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஏ.ஆர்.சி., பி.எல்.சி. பணம் இந்த ஆண்டு விதைத்த பரப்புக்குக் கொடுப்பதில்லை. அந்த நிலத்துக்குப் பழைய சாகுபடி வரலாற்றை வைத்து ஒதுக்கிய பரப்பு ஒன்று உண்டு, அதுதான் பேஸ் ஏக்கர். கவுண்டி அளவிலான ஏ.ஆர்.சி.யும் பி.எல்.சி.யும் அதில் 85 சதவீதத்துக்குத்தான் பணம் தரும். மக்காச்சோளத்துக்கு என்று வந்த பணத்தைப் பார்த்து, அவர் அந்த ஆண்டு மக்காச்சோளம் போட்டார் என்று எழுதினால் தப்பாகிவிடும். சோயா போட்டிருக்கலாம்.

10. இப்போது கூட்டுங்கள், பிறகு வேறொரு கணக்கோடு ஒப்பிடுங்கள்

திட்டவாரியாகக் கூட்டுங்கள், ஆண்டுவாரியாகக் கூட்டுங்கள், பயனாளிவாரியாகக் கூட்டுங்கள். மூன்று கூட்டலும் 4-வது பகுதியில் நோட்டில் எழுதிய மொத்தத்தோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ வரிகள் விழுந்திருக்கின்றன அல்லது இரட்டித்திருக்கின்றன.

"மேலே உள்ள 10 சதவீதம் பேர் இத்தனை சதவீதம் வாங்கினார்கள்" என்ற கணக்கை எல்லோரும் போடுவார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சி.ஆர்.பி.யில் சின்னத் தொகை வாங்கும் நில உரிமையாளர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்தால் தலைகள் கூடும், அந்தப் 10 சதவீதத்துக்குள் வரும் ஆட்களும் கூடுவார்கள், பணம் ஒரு சிலரிடம் குவிந்திருப்பதாகக் காட்டும் எண்ணும் ஏறும். பயிர்த் திட்டங்களுக்குத் தனியாகவும் சி.ஆர்.பி.க்குத் தனியாகவும் போடுவதே நியாயம் என்பது என் கருத்து. சராசரியோடு இடைநிலை எண்ணையும் கொடுங்கள். அடுக்கி வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்கிய தொகைதான் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் நிலையைச் சொல்லும்.

ஒப்பிட, வேளாண் கணக்கெடுப்பு இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின் முடிவுகள் 2024 பிப்ரவரியில் வந்தன. கவுண்டிவாரியாக எத்தனை பண்ணைகள், அரசுப் பணம் எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் எண்ணோடு அது அப்படியே பொருந்தாது. பண்ணை நடத்துபவர்களைத்தான் அதில் கேட்கிறார்கள், வெளியூரில் இருக்கும் நில உரிமையாளருக்கு வந்தது அதில் சேராது. ஆனால் இரண்டும் மடங்குக் கணக்கில் வேறுபட்டால் உங்கள் பக்கம் ஏதோ தவறு என்று பொருள்.

பயிர்க் காப்பீட்டுக்கு ஆர்.எம்.ஏ.வின் கவுண்டிவாரி வணிகச் சுருக்கக் கோப்பை எடுங்கள். பிரீமியம், அதில் அரசு கட்டிய பங்கு, கொடுத்த இழப்பீடு எல்லாம் பயிர்வாரியாக இருக்கும். இழப்பீட்டை அப்படியே மானியம் என்று சொல்லக் கூடாது, விவசாயியும் தன் பங்குக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறார். அரசு கட்டிய பிரீமியப் பங்கைத்தான் மானியம் என்று சொல்ல வேண்டும். இதைப் பெயர்ப் பட்டியலோடு கூட்டாமல் பக்கத்தில் தனியாக வையுங்கள். பெயர்ப் பட்டியலில் இது இல்லை என்பதையும் வாசகருக்குச் சொல்லுங்கள். மக்காச்சோளக் கவுண்டியில் இது சிறிய தொகையாக இருக்காது.

11. இன்னும் வேண்டுமென்றால்: தகவல் கோரிக்கை

தளத்தில் இல்லாததைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி எழுத்து மூலம் கேட்கலாம். சட்டம் 20 வேலை நாள் கெடு வைக்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் இதைக் கடைசியில் நினைவுக்குக் கொண்டுவராமல், முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

எதைக் கேட்கக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2008 விவசாயச் சட்டத்தின் 1619-வது பிரிவு, விவசாயி திட்டங்களில் சேர்வதற்காகக் கொடுத்த பண்ணை விவரங்களையும் நிலத்தின் எல்லை வரைபடத் தரவையும் வெளியிடத் தடை போடுகிறது. பணம் வாங்கியவரின் பெயர், முகவரி, தொகை ஆகியவற்றுக்கு அதே பிரிவு விலக்கு கொடுக்கிறது. ஆகவே "யார் எத்தனை ஏக்கர் விதைத்தார்கள்?" என்று கேட்டால் மறுப்பு உறுதி. "இந்தக் கவுண்டியில், இந்தத் திட்டத்தில், இந்தத் தேதிக்குள் செய்த பட்டுவாடாக்கள்" என்று கேட்டால் கிடைக்கும்.

கோரிக்கையில் கேள்வி கேட்காதீர்கள், பதிவேடு கேளுங்கள். "ஏன் இவருக்கு இவ்வளவு?" என்பதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. இருக்கிற ஆவணத்தைத் தரத்தான் கடமை. கவுண்டி, ஆண்டுகள், தேவைப்படும் நெடுவரிசைகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விரிதாள் வடிவில் வேண்டும் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் படமாக்கிய பக்கங்கள் வந்து சேரும். வணிக நோக்கம் இல்லாத சாதாரண விண்ணப்பதாரருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் நூறு பக்க நகலும் இலவசம். கட்டணம் எவ்வளவு வரை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஒரு வரம்பும் எழுதிவிடுங்கள்.

மறுத்தால் மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் உண்டு. தேசிய ஆவணக்காப்பகத்தில் சமரசம் பேசும் அலுவலகமும் இருக்கிறது. அவர்களிடம் போவதற்குக் கட்டணம் இல்லை.

12. வெளியிடும் முன்

தெரு முகவரியை எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயர் போதும். கோப்பில் இருப்பதாலேயே அதை நீங்களும் அச்சிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கிராமத்து வீடு தனியாக இருக்கும், அங்கே வயதானவர்கள் இருப்பார்கள்.

யாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறீர்களோ அவர்கள் எல்லோரையும் முன்னதாகவே கூப்பிடுங்கள். உங்களிடம் இருக்கும் வரிகளை அப்படியே படித்துக் காட்டி "இது உங்களுடையதுதானா?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். மானியம் வாங்குவது சட்டப்படியான காரியம். பலர் தாங்களாகவே சொல்வார்கள், இந்தப் பணம் விதைக் கடைக்குப் போனது, அந்தப் பணம் வங்கித் தவணைக்குப் போனது என்று. இது செலவு கழிக்காத தொகை, லாபம் இல்லை என்பதைக் கட்டுரையின் மேல்பகுதியிலேயே ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

பெயர் போட ஒரு குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்து, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்றுங்கள். தெரிந்தவர், விளம்பரம் கொடுப்பவர், தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருபவர் என்று யாருக்கும் சலுகை கூடாது. எஃப்.எஸ்.ஏ. கவுண்டிக் குழுவுக்கு விவசாயிகளே வாக்களித்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த உறுப்பினர்களும் மானியம் வாங்குபவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் அதே அளவுகோல்தான்.

கட்டுரையோடு செய்முறைக் குறிப்பையும் போடுங்கள். கோப்பு இறக்கிய தேதி, ஆண்டை எப்படி எடுத்தீர்கள், பெயர்களை எப்படிச் சேர்த்தீர்கள், எதைச் சேர்க்கவில்லை, திருத்தம் சொல்ல யாரைத் தொடர்புகொள்ள வேண்டும். திருத்தம் வந்தால் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றாமல், எது மாறியது என்று தேதியோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டுக் கோப்பு வந்ததும் அதே நோட்டைத் திறந்து 4-வது பகுதியிலிருந்து தொடங்கலாம். பெயர் சேர்க்கும் வேலை இரண்டாவது முறை பாதி நாளில் முடிந்துவிடும்.